தரவுக் கிடங்கு

அறுவடை முடிந்ததும் உழவர் நெல்லை அப்படியே கிடங்கில் கொட்டுவதில்லை. காய வைப்பர், பதரை நீக்குவர், அளந்து மூட்டையாகக் கட்டுவர், அதன் பின்னரே அடுக்குவர். கணினியில் சேரும் தரவுகளையும் இவ்வாறு தூய்மை செய்து அடுக்கி வைக்கும் இடம் ‘தரவுக் கிடங்கு’ எனப்படும்.

பெங்களூரில் ஒரு மளிகை நிறுவனத்திற்கு ஜெயநகர், மல்லேசுவரம், அல்சூர் ஆகிய மூன்று இடங்களில் கிளைகள் இருப்பதாகக் கொள்க. ஒவ்வொரு கிளையும் கொள்முதல், விற்பனை, இருப்பு, ஊதியம் ஆகியவற்றை மேலாண்மை மென்பொருளில் பதிவு செய்கிறது. யுகாதிப் பண்டிகை நெருங்குகிறது. ஒப்பட்டு செய்யத் துவரம் பருப்பு மிகுதியாகத் தேவைப்படும். சென்ற ஆண்டு பண்டிகை வாரத்தில் எவ்வளவு பருப்பு விற்றது என்று தெரிந்தால்தான், இவ்வாண்டு எவ்வளவு வாங்குவது என உரிமையாளர் முடிவு செய்ய இயலும்.

ஜெயநகர்ப் பதிவில் ‘தொகரி பேளெ 600’ என்று உள்ளது. மல்லேசுவரத்தில் ‘தூர் தால் 20’. அல்சூரில் ‘துவரம் பருப்பு 400’. பெயர்கள் வேறாக இருப்பதால் கணினி இவற்றை மூன்று பொருள்களாகவே எண்ணும். மூன்றும் ஒன்றே என அறிந்து கூட்டினாலும், 1020 என்னும் விடை தவறானது. ஏனெனில், முதற்கிளை கிலோவிலும், இரண்டாவது கிளை 30 கிலோ மூட்டையிலும், மூன்றாவது கிளை அரைக்கிலோ பொட்டலத்திலும் கணக்கு வைக்கின்றன. உண்மையில் விற்றது 600 + 600 + 200 = 1400 கிலோ ஆகும். தவறான அறிக்கையை நம்பினால் 380 கிலோ குறையும்; பண்டிகைக்கு முன்நாள் மக்கள் வெறும் பையுடன் திரும்புவர்.

இப்பிழையைத் தவிர்க்க மூன்று படிகள் உள்ளன. முதலில், ஒவ்வொரு மென்பொருளிலிருந்தும் தரவுகள் எடுக்கப்படுகின்றன. அடுத்து, பெயர், அலகு, தேதி ஆகியவை ஒரே முறைக்கு மாற்றப்படுகின்றன. இறுதியில், அவை கிடங்கில் சேர்க்கப்படுகின்றன. கிடங்கின் மொத்தமும் கிளைகளின் மொத்தமும் ஒத்துள்ளனவா என்று சரிபார்ப்பதும் இன்றியமையாதது.

கடையின் மென்பொருளிலிருந்தே அறிக்கை எடுத்தால் என்ன? அம்மென்பொருளின் முதன்மைப் பணி, வரிசையில் நிற்பவருக்கு விரைந்து பில் போடுவதாகும். பல ஆண்டுக் கணக்கை அதே நேரத்தில் கேட்டால் அதன் வேகம் குறையும். ஆகவே, பெரும்பாலும் கடை மூடிய பின், இரவில் தரவுகள் கிடங்கிற்கு மாற்றப்படுகின்றன. மேலும், பழைய தரவுகளை அழிக்காமல் காப்பதால், ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் கிடங்கு உதவுகிறது.

1988ஆம் ஆண்டில் பேரி டெவ்லின், பால் மர்பி ஆகியோர் எழுதிய கட்டுரை இக்கருத்தை விளக்கியது. 1992இல் பில் இன்மன் இது குறித்து ஒரு நூல் வெளியிட்டார். மேலாண்மை மென்பொருள் உருவாக்கும் ஜெர்மனி நாட்டு நிறுவனமாகிய எஸ்.ஏ.பி., 1998இல் பெங்களூரில் தன் மென்பொருள் ஆய்வகத்தை நிறுவியது.

அலகு மாறினால் பேரிழப்பும் நேரலாம். 1999இல் செவ்வாய்க் கோளை நெருங்கிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்னும் அமெரிக்க விண்கலம் அழிந்தது. ஒரு குழு ஆங்கிலேய அலகிலும், மற்றொரு குழு மெட்ரிக் அலகிலும் கணக்கிட்டதே காரணம்.

எண்கள் பல இடங்களிலிருந்து வரலாம். அவற்றின் பொருள் ஒன்றாக இருந்தால்தான் அறிக்கை உண்மை பேசும்.

சொற்பொருள்
பதர் – மணியில்லாத நெல்
கொள்முதல் – விற்பதற்காகப் பொருளை வாங்குதல்
இன்றியமையாதது – மிகவும் தேவையானது

பயிற்சி
1. மூன்று கிளைகளின் எண்களை அப்படியே கூட்டுவது ஏன் தவறு?
2. தரவுகளைக் கிடங்கில் சேர்க்கும் மூன்று படிகளை வரிசையாக எழுதுக.
3. உம் வீட்டில் ஒரே பொருளுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் வழங்கும் பெயர்கள் ஐந்தனைப் பட்டியலிடுக.