அடம் பிடிக்கும் ஸ்க்ரூக்கள்!



ஆண்டு மலருக்குக் கவிதை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வந்தது ஸ்க்ரூதான். அதையே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன். அதனால் மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருவில் எது கெட்டுப்போனாலும், "டிப்ளமோ படிக்கிற பையன் இருக்கானல்ல" என்று கொண்டு வந்து வைத்துவிடுகிறார்கள். மிக்சி, ரேடியோ என்றால் பரவாயில்லை. வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் கொண்டு வந்த பழைய கேம் பெட்டி என்றால்தான் வம்பு. திறக்கவே முடியாது. முரட்டுத்தனமாகத் திறந்து உடைத்துவிட்டால், வேறு வாங்கிக் கொடுக்க நம்மிடம் காசு ஏது? இத்தனைக்கும் உள்ளே போயிருப்பது பெரும்பாலும் சின்னச் சாமான். கேசட்டுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும், விளையாடியது பதிவாகாது. இல்லாவிட்டால் ஃபேனில் தூசி அடைத்திருக்கும். அவ்வளவுதான். அந்த ஒரு ஸ்க்ரூ கழலாததால் மொத்தப் பெட்டியும் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

நம் அண்ணன்மார் காலத்து டிவி கேம்களில் இந்தத் தொல்லை இல்லை. அவை பெரும்பாலும் நிண்டெண்டோவைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள், போட்டிருந்ததும் சாதா பிளஸ் ஸ்க்ரூதான். நகல் எடுத்தவனுக்கு எதை ஒளிக்க வேண்டியிருந்தது! அசல் கம்பெனிகள்தான் பூட்டுப் போட்டன. நிண்டெண்டோ கேசட்டுகளில் 3.8 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. நிண்டெண்டோ 64, கேம்கியூப் பெட்டிகளில் 4.5. சேகா கேசட்டுகளிலும் 4.5 உண்டு. (சேகா மெகா டிரைவை 1995-ல் ஷா வாலஸ் கம்பெனி இந்தியாவில் இறக்கியது. விலை 18,000 ரூபாய்! அந்தக் காலத்தில் அதை யார் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.)

இந்த ஸ்க்ரூவின் தலையில் பிளஸ்ஸும் கிடையாது, மைனஸும் கிடையாது. குமிழ் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றிலும் வரிப்பள்ளத்தோடு இருக்கும். திருப்புளி அதற்குள் போகாது, அதன் மேல் தொப்பி போல உட்கார வேண்டும். ஆழமான குழிக்குள் வேறு ஒளிந்திருக்கும், குறடும் எட்டாது. கேம் பாய் அட்வான்ஸில் மூணு கால் ஸ்க்ரூ. பிளே ஸ்டேஷன் 3, 4 இரண்டிலும் ஆறு முனை நட்சத்திரம், அதன் நடுவில் ஒரு குச்சி. அந்தக் குச்சிக்காகவே பிட்டின் நடுவில் ஓட்டை இருக்க வேண்டும். பிளே ஸ்டேஷன் 2-ல் பிளஸ்தான், ஆனால் அடியில் சின்னச் சின்ன மூடிகளுக்குள் மறைத்து வைத்திருப்பார்கள்.

கவனித்துப் பாருங்கள், இதில் எதுவும் பலத்துக்காகச் செய்தது இல்லை. உள்ளே வராதே என்று சொல்வதற்காகச் செய்தது. ஆகவே பலத்தைக் காட்டினால் வேலைக்கு ஆகாது. தலையில் சரியாக உட்காரும் பிட் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பிளஸ்ஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1936-ல் காப்புரிமை பெற்ற ஃபிலிப்ஸ் தலையில் பக்கங்கள் சரிவாக இருக்கும். அழுத்தாமல் திருகினால் பிட் மேலே ஏறி மண்டையைத் தின்றுவிடும். ஜப்பான் சாமான்களில் ஜேஐஎஸ் என்ற வேறு அளவு பிளஸ் வரும். தலையில் சின்னப் புள்ளி இருந்தால் அதுதான். நம் திருப்புளி அதில் முழுசாக உட்காராது. முக்கால் பங்கு அழுத்தம், கால் பங்கு திருகல், இதுதான் என் கணக்கு. மண்டை கொஞ்சம் போயிருந்தால் நடுவில் ஒரு ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருகலாம்.

பிட் இல்லாதவர்கள் பால் பாயிண்ட் பேனாக் குழாயின் முனையை லைட்டரில் இளக்கி, ஸ்க்ரூ மேல் அழுத்தி, ஆறி இறுகிய பின் திருகுவார்கள். வரிப்பள்ளம் அச்சாகப் பதிந்துவிடும். லேசாக இறுகிய ஸ்க்ரூ இதில் வரும். துருப்பிடித்தது வராது, குழாய்தான் முறுக்கிக்கொள்ளும். புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

துரு என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களைக் கேட்க வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போகிற மாமா ஒருவர் சொல்வார்: "அவுக்கறதுக்கு முன்னாடி ஒரு பொட்டு இறுக்கிப் பாரு மாப்ளே, துரு உடையும்." நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கேம் பெட்டியில் ஸ்க்ரூ இறங்கியிருப்பது பிளாஸ்டிக்கில். நூலளவு இறுக்கினால் போதும், மேலே போனால் மறை போய்விடும். துரு நீக்கும் எண்ணெயை ஸ்பிரே அடிக்காதீர்கள், சில பிளாஸ்டிக் அதில் வெடித்துப் போகும். ஊசி முனையில் ஒரு சொட்டு எடுத்து ஸ்க்ரூவின் ஓரத்தில் வைத்து இரவு முழுக்க விடுங்கள். அதற்கும் அசையவில்லையா? சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் சில வினாடி வையுங்கள். இரும்பு சூடாகிச் சுற்றியுள்ள பிடி தளரும். அதிக நேரம் வைத்தால் பிளாஸ்டிக் உருகும். இதையெல்லாம் கரண்டைப் பிடுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் செய்ய வேண்டும். உள்ளேயே பவர் சப்ளை இருக்கும் பெட்டிகளில் கெபாசிட்டர் உதைக்கும்.

பேட்டரி ஒழுகிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு ஸ்க்ரூவைத் தொடுங்கள். ஒழுகியது காரம், இது அமிலம். முதல் வருடக் கெமிஸ்ட்ரிக்கு இங்கேதான் வேலை வந்தது.

"ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போச்சு" என்று பயமுறுத்தியதற்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2018-ல் சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ உள்ளிட்ட ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் மத்திய நுகர்வோர் துறையும் 2022-ல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. நல்லதுதான். ஆனால் நம் மேஜைக்கு வரும் பெட்டியின் வாரண்டி முடிந்து இருபது வருடம் ஆகிறது!

மூடும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ தானே மறை வெட்டிக்கொண்டு இறங்கியது. திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'டக்'கென்று ஸ்க்ரூ கீழே இறங்கும். பழைய மறை அங்கேதான். அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள், விரல் பலமே போதும். நேராகத் திருகினால் புது மறை வெட்டி, நாலாவது தடவை ஓட்டை மட்டும்தான் மிஞ்சும். நீள ஸ்க்ரூவும் குட்டை ஸ்க்ரூவும் கலந்துவிடாமல், அட்டையில் பெட்டியின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

3.8, 4.5 இரண்டு பிட்டும் என்னிடம் இருக்கின்றன. வேண்டியவர்கள் வாங்கிப் போகலாம். திருப்பிக் கொடுத்துவிடணும், அவ்வளவுதான்.