மனத்தின் மயக்கங்கள்

மாலை இருளில் கயிற்றை அரவென்று கண் மயங்குதல் உண்டு. விளக்கைக் கொண்டு நோக்கின் அம்மயக்கம் நீங்கும். மனத்துக்கும் இத்தகைய மயக்கங்கள் உள. ஆயின், அவை மயக்கம் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. ஆதலின், விளக்கைத் தேடுவாரும் அரியர்.

முதலாவது, கொண்ட கருத்துக்கே சான்று தேடும் மயக்கம். பீட்டர் வேசன் என்னும் ஆங்கில உளநூலறிஞர் 1960-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். 2, 4, 6 என்னும் எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை என்று கூறி, அவ்விதியைக் கண்டுபிடிக்குமாறு சிலரைப் பணித்தார். அவர்கள் வேறு மும்மூன்று எண்களைச் சொல்லி, அவை விதிக்குப் பொருந்துமா என்று வினவலாம். ‘இரண்டிரண்டாக ஏறும் எண்கள்’ என்று எண்ணியோர் 8, 10, 12 போன்றவற்றையே சொல்லினர். ‘பொருந்தும்’ என்னும் விடை பெற்றுத் தம் கருத்தே சரி எனத் துணிந்தனர். உண்மை விதியோ, எண்கள் ஏறுவரிசையில் அமைதல் வேண்டும் என்பதே. 1, 2, 3 என்று ஒருமுறை வினவியிருப்பின் தவறு புலப்பட்டிருக்கும்.

இரண்டாவது, நினைவின் மயக்கம். நினைவைக் கல்வெட்டு எனக் கருதுகிறோம். அதுவோ ஏட்டுச்சுவடி போன்றது. படியெடுக்குந்தோறும் பாடம் வேறுபடும். அமெரிக்க நாட்டு அறிஞர் எலிசபெத் லாப்டஸும் ஜான் பாமரும் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கும். மோட்டார் வண்டிகள் மோதும் படக்காட்சியை மாணவர்க்குக் காட்டினர். பின்னர், ‘வண்டிகள் மோதியபோது எவ்வளவு விரைவாகச் சென்றன?’ என்று 50 பேரையும், ‘மோதி நொறுங்கியபோது எவ்வளவு விரைவாகச் சென்றன?’ என்று வேறு 50 பேரையும் வினவினர். ஒரு வாரம் கழித்து, ‘உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா?’ என்றபோது, முன்னவருள் 7 பேரும் பின்னவருள் 16 பேரும் ‘கண்டோம்’ என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! அவர்கள் பொய் கூறினாரல்லர். வினாவில் அமைந்த ஒரு சொல் நினைவையே மாற்றிவிட்டது.

வழக்கு மன்றத்தில் இம்மயக்கம் நேருமாயின், குற்றமற்றவர் தண்டம் பெறுவர். அமெரிக்க நாட்டில், கண்டோர் தவறாக அடையாளம் காட்டியதால் சிறைப்பட்ட பலர், பின்னாளில் மரபணுச் சோதனையால் விடுதலை பெற்றனர்.

சிலப்பதிகாரப் பாண்டியனும் பொற்கொல்லன் உரையை உண்மையெனக் கொண்டான். சிலம்பின் உள்ளிருக்கும் பரல் முத்தோ மாணிக்கமோ என்று கோவலனைக் கொல்லுமுன் அவன் ஆராய்ந்திலன். ஆராய்ச்சி பின்னர் வந்தது. போன உயிர் வரவில்லை.

மாணவர்களே, ஒருவரைக் குற்றவாளி எனத் துணியுமுன், ‘என் கருத்துத் தவறாயின், அதனை எது காட்டும்?’ என்று உம்மை நீரே வினவுங்கள். அவ்வினாவே மனத்துக்குரிய விளக்கு.