வேர்ப்பட்டியலும் புறம்போக்கும்: இணைய நிர்வாகத்தின் நடுநிலை பற்றிச் சில குறிப்புகள்

நடுநிலை என்ற சொல்லைக் கேட்டாலே நம் வட்டாரத்தில் ஒரு சிரிப்பு எழும். அதுவும் ஓர் அதிகாரச் சொல்லாடல்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இணைய விஷயத்தில் அப்படிச் சுலபமாக முடித்துவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

2022 பிப்ரவரி 24இல் ருஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. நான்கு நாள் கழித்து உக்ரைனின் துணைப் பிரதமர் மிகைலோ ஃபெதரோவ் ஐகான் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்: ‘டாட் ஆர்யூ’ உள்ளிட்ட ருஷ்யப் பெயர்களை இணையத்தின் வேர்ப்பட்டியலிலிருந்து நீக்குங்கள். மார்ச் 2இல் ஐகான் தலைவர் யோரான் மார்பி மறுத்துப் பதில் எழுதினார். இணையம் ஓடுவதற்காகத்தான் நாங்கள், அதை நிறுத்துவதற்காக இல்லை என்பது பதிலின் சாரம். குண்டு விழும் ஊரிலிருந்து கேட்டவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்?

ஐகான் 1998இல் கலிஃபோர்னியாவில் பதிவான லாபநோக்கற்ற நிறுவனம். ஒரு முகவரியின் கடைசித் துண்டைப் பார்த்து, அடுத்து எந்தக் கணினியிடம் விசாரிக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியலை அது பராமரிக்கிறது. நம்மூர்க் கிராமக் கணக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் யார் என்ன பேசுகிறார்கள் என்று கணக்கு கேட்பதில்லை. இந்தக் கணக்குக்கும் 2016 செப்டம்பர் வரை அமெரிக்க வணிகத் துறையின் மேற்பார்வை இருந்தது.

பெயரை நீக்கியிருந்தால் பீரங்கி நின்றிருக்காது. போரை எதிர்த்த ‘நோவயா கெஸட்டா’ பத்திரிகையின் முகவரியும் ‘டாட் ஆர்யூ’தான், அதுவும் சேர்ந்தே காணாமல் போயிருக்கும். ஒரு தடவை நீக்கிவிட்டால், அடுத்துக் கேட்கப்போகிற அரசுக்கு என்ன பதில் சொல்வது? எனவே அந்த மறுப்பை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. அதே மார்ச் 4இல் ருஷ்ய அரசு முகநூலை முடக்கியது. ராணுவம் பற்றிப் ‘பொய்ச் செய்தி’ பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்ற சட்டமும் அன்றுதான் வந்தது. பத்து நாளில் இன்ஸ்டாகிராமும் போயிற்று. இதற்கு வேர்ப்பட்டியல் தேவைப்படவே இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இணைய இணைப்பு தரும் கம்பெனிகளுக்குள்ளேயே அரசு தன் வடிகட்டும் கருவிகளைப் பொருத்தத் தொடங்கியிருந்தது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது இலங்கை அரசு முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியதே, அப்போதும் வேர்ப்பட்டியலில் ஓர் எழுத்து மாறவில்லை. மேலே நடுநிலை, கீழே கத்தரிக்கோல். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

சரி, அந்த நடுநிலை யார் யாருக்கு நடுவே நிற்கிறது? அரசுகளுக்கு நடுவே. எது நாடு என்று முடிவு செய்வது எங்கள் வேலை இல்லை என்று 1994இலேயே ஜான் போஸ்டல் எழுதிவைத்தார். ஐஎஸ்ஓவின் நாட்டுக் குறியீட்டுப் பட்டியல் எதுவோ அதுவே கணக்கு. அந்தப் பட்டியலில் இடம் கிடைத்த பிறகே, 2000இல், பாலஸ்தீனத்துக்கு ‘டாட் பிஎஸ்’ கிடைத்தது. சோவியத் யூனியனோ 1991இல் மறைந்த பிறகும் பல்லாண்டு ‘டாட் எஸ்யூ’வாக வேரில் நீடித்தது. தமிழ் எழுத்தில் வேருக்குள் போன பெயர்கள் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர். மூன்றும் அரசுகளின் பெயர்கள். அரசு இல்லாத மக்கள் இந்தக் கணக்கில் புறம்போக்கு.

வேறு வாசலே இல்லை என்றும் சொல்ல முடியாது. கட்டலன் மொழிச் சமூகம் 2005இல் ‘டாட் கேட்’ என்ற பெயரைத் தனி நாடு இல்லாமலே வாங்கியது.

ஆக, நமக்கு வேலை இரண்டு இடத்தில் இருக்கிறது. வேர்ப்பட்டியலைத் தண்டனைக் கருவியாக்கும் கோரிக்கையை, அது நமக்குப் பிடித்த தரப்பிலிருந்தே வந்தாலும், எதிர்க்க வேண்டும். பேச்சு உண்மையில் வெட்டப்படும் இடமான இணைப்புக் கம்பெனிகளின் கருவியறையையும் முடக்க உத்தரவுகளையும் பகிரங்க விசாரணைக்கு இழுக்க வேண்டும். முதலாவதை ஐகான் செய்யும். இரண்டாவதை அது செய்யாது. நாம்தான் செய்தாக வேண்டும்.