41 வயதில் கோல் போட்ட கோச்! கலுஷா புவால்யா பற்றி இதெல்லாம் தெரியுமா?

பீலே தெரியும், மரடோனா தெரியும், மெஸ்ஸியைக் கேட்கவே வேண்டாம். கலுஷா புவால்யா? ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் இருக்கும் ஜாம்பியா நாட்டின் முன்கள வீரர். செம்புச் சுரங்க ஊரான முஃபுலிராவில் 1963-இல் பிறந்தவர். இவரது இடது காலுக்குள் எத்தனை கதைகள் என்று பாருங்கள்!

இத்தாலியைச் சுருட்டியது யார் தெரியுமா?

1988 சியோல் ஒலிம்பிக். இத்தாலி அணியில் யுவென்டஸ் கோல்கீப்பர் டக்கோனி, நாப்போலியின் ஃபெராரா என்று பெரிய பெரிய பெயர்கள். எதிரே ஜாம்பியா. பெரும்பாலானோர் கேள்விப்பட்டிராத வீரர்கள். முடிவு? ஜாம்பியா 4, இத்தாலி 0! அதில் மூன்று கோல் கலுஷா அடித்தவை. அந்த ஆண்டின் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதும் அவரைத் தேடி வந்தது.

இதைவிட வேடிக்கை, காலிறுதி. அங்கே மேற்கு ஜெர்மனி ஜாம்பியாவை அதே 4-0 கணக்கில் தோற்கடித்தது. அதிலும் ஒரு ஹாட்ரிக் உண்டு. அடித்தவர் யூர்கன் கிளின்ஸ்மன்!

போட்டியாளரே சக வீரரானார் தெரியுமா?

அந்த ஒலிம்பிக்கில் அதிக கோல் அடித்தவர் பிரேசிலின் ரொமாரியோ, 7 கோல். அவரை விரட்டிக்கொண்டே வந்த கலுஷா 6 கோல். அடுத்த ஆண்டே இருவரும் ஒரே சட்டையில்! பெல்ஜியத்தின் செர்க்கிள் புரூஹாவிலிருந்து நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐந்தோவன் கிளப்புக்கு மாறினார் கலுஷா. அங்கே ஏற்கெனவே இருந்தார் ரொமாரியோ. 1991, 1992 என்று அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்கள். பயிற்சியாளர் யார் என்கிறீர்கள்? இங்கிலாந்தின் பாபி ராப்சன்!

ஏறாத விமானம் எது தெரியுமா?

1993 ஏப்ரல் 27. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் செனகலோடு ஆட ஜாம்பியா அணி ராணுவ விமானத்தில் கிளம்பியது. எரிபொருள் நிரப்ப காபோன் நாட்டின் லிப்ரவில்லில் இறங்கி, மீண்டும் மேலே ஏறிய சற்று நேரத்தில் ஓர் எஞ்சினில் தீப்பிடித்தது. விமானி அணைத்ததோ, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்றொரு எஞ்சினை! விமானம் கடலில் விழுந்தது. வீரர்கள் 18 பேர் உட்பட 30 பேரும் பலி. பயிற்சியாளர் காட்ஃப்ரி சிட்டாலுவும் தப்பவில்லை. அவரும் லேசுப்பட்டவர் அல்ல: 1972-இல் ஒரே ஆண்டில் 107 கோல் அடித்தவர் என்று ஜாம்பியா கால்பந்துச் சங்கம் இன்றும் உரிமை கோருகிறது.

கலுஷா? நெதர்லாந்தில் ஆடிக்கொண்டிருந்ததால், அங்கிருந்து நேராக செனகல் போவதாக ஏற்பாடு. அதனால் உயிர் தப்பினார்.

ஓராண்டுக்குள் நடந்தது தெரியுமா?

மொத்த அணியும் போன பிறகு புதிதாக ஆள் சேர்த்தார்கள். கேப்டன் கலுஷா. சோகம் ஆறுவதற்குள் சொந்த மண்ணில் மொராக்கோவுடன் மோதல். முதல் கோல் மொராக்கோவுக்கு. சமன் செய்தது கலுஷாவின் ஃப்ரீ கிக்! ஜாம்பியா 2-1 என்று வென்றது. உலகக் கோப்பைக்குப் போக, கடைசி ஆட்டத்தில் ஒரு டிரா போதும் என்ற நிலை. மொராக்கோவில் 0-1 என்று தோற்று, ஒரே புள்ளியில் வாய்ப்புப் போனது. ஆனாலும் விபத்து நடந்து ஓராண்டு நிறையும் முன்பே, 1994 ஏப்ரலில், ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப் போட்டியில் நின்றது அந்தப் புது அணி! நைஜீரியாவிடம் 1-2 என்று தோற்றது.

1996 ஆப்பிரிக்கக் கோப்பையில் அதிக கோல் அடித்தவரும் கலுஷாதான், 5 கோல். ஜாம்பியாவுக்கு மூன்றாம் இடம்.

கோச்சே களமிறங்கினார் தெரியுமா?

2004 செப்டம்பர். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் லைபீரியாவுடன் ஆட்டம். ஜாம்பியாவின் பயிற்சியாளர் கலுஷா, வயது 41. கோல் விழவே இல்லை. என்ன செய்தார்? தன்னையே மாற்று ஆட்டக்காரராக இறக்கிக்கொண்டார்! ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு ஃப்ரீ கிக். உதைத்தவர் கலுஷா. பந்து வலைக்குள். 1-0!

கோப்பை கிடைத்த ஊர் எது தெரியுமா?

2012 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப் போட்டி நடந்தது அதே லிப்ரவில்லில்! ஜாம்பியா வீரர்கள் முதலில் கடற்கரைக்குப் போய், இறந்தவர்களுக்குப் பூ வைத்தார்கள். பிறகு ட்ரோக்பாவின் ஐவரி கோஸ்ட்டைப் பெனால்டியில் 8-7 என்று வீழ்த்தி முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கினார்கள். அப்போது ஜாம்பியா கால்பந்துச் சங்கத்தின் தலைவர்? சாட்சாத் கலுஷாவேதான்!

இத்தனைக்கும் அவர் ஒரு உலகக் கோப்பை ஆட்டத்தில்கூட ஆடியதில்லை. ஜாம்பியா ஆண்கள் அணி இன்றுவரை உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதும் இல்லை. உலகக் கோப்பை ஆடினால்தான் பெரிய ஆட்டக்காரர் என்று யாராவது இனி வாதாடினால், கலுஷா பெயரைச் சொல்லுங்கள்!