கூடையில் ஏறிய முன்சீப்

குதுப் மினாரின் உயரம் 72.5 மீட்டர். அதன் உடலைச் சுற்றிப் பட்டை பட்டையாக அரபு எழுத்துகள் ஓடுகின்றன. கட்டியவர்களின் பெயர்கள், அவர்களுடைய பட்டங்கள், நடுநடுவே திருக்குர்ஆன் வசனங்கள். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறதே தவிர, மேலடுக்கு எழுத்துகள் பிடிபடுவதில்லை. 1840-களில் தில்லியில் முன்சீப்பாக இருந்த ஓர் இளைஞருக்கு அது பொறுக்கவில்லை. சாரக் கம்புகளுக்கு நடுவே ஒரு கூடையைக் கட்டி, அதில் உட்கார்ந்து மேலே போய், கல்லுக்கு எதிரே தொங்கியபடி வரி வரியாகப் படியெடுத்தார். கூட வந்த கவிஞர் இமாம் பக்ஷ் ஸஹ்பாயிக்குக் கீழே நின்று பார்த்தே முகம் வெளிறிவிடுமாம். முன்சீப்பின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹாலி இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்த முன்சீப்தான் ஸையத் அஹ்மத் கான். 1817-இல் இதே தில்லியில் பிறந்தவர். பின்னாளில் அலிகர் கல்லூரியைத் தொடங்கிய சர் ஸையத். தில்லியின் கட்டடங்களைப் பற்றி அவர் எழுதிய ‘ஆஸாருஸ் ஸனாதீத்’ 1847-இல் வெளிவந்தது. இவ்வளவு கண்ணும் கருத்துமாகக் கல்லைப் படித்த மனிதர், அடுத்த ஆண்டே ஒரு சிறு நூல் எழுதினார். பூமி சுழலவில்லை, நிலையாக நிற்கிறது என்று நிறுவுவதற்காக எழுதிய நூல் அது.

அதை வைத்து அவரை எடைபோடக் கூடாது. அவருடைய தாய்வழிப் பாட்டனார் க்வாஜா ஃபரீதுத்தீன் கணிதமும் வானியலும் தேர்ந்தவர். பேரனும் அந்த வீட்டில்தான் கணக்குப் படித்தார். அங்கே இருந்த வானியல், கிரேக்கர் தொடங்கி அரபுகள் வளர்த்த தாலமியின் வானியல்: நடுவில் பூமி, சுற்றிலும் ஒன்றையொன்று பொதிந்த கோளங்கள். அதே நாட்களில் தில்லிக் கல்லூரியில் மாஸ்டர் ராமச்சந்திரா உருதுவிலேயே புதிய விஞ்ஞானத்தைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கோப்பர்னிக்கஸின் பெயர் அங்கே மாணவர்களின் வாயில் புரண்டது. ஒரே ஊரில், நடந்துபோகும் தூரத்தில், இரண்டு வானங்கள் இருந்தன.

சர் ஸையத் பின்னர் மனம் மாறினார். பூமி சுற்றுகிறது என்பதை ஏற்றார். 1864-இல் காஜிப்பூரில் விஞ்ஞானச் சங்கம் அமைத்து, ஆங்கில நூல்களை உருதுவுக்குக் கொண்டுவரச் செய்தார். 1880 முதல் திருக்குர்ஆனுக்குத் தம் விரிவுரையை வெளியிடத் தொடங்கினார். அதன் அடிப்படை எளிமையானது: இயற்கை இறைவனின் செயல், வேதம் இறைவனின் சொல். இரண்டும் ஒருவனுடையவை என்பதால் முரண்பட வழியில்லை. முரண்படுவதாகத் தெரிந்தால் நாம் சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறோம். இதற்காக அவரை ‘நேச்சரி’ என்று ஏசினார்கள். மக்கா வரை போய் அவருக்கு எதிராக ஃபத்வா வாங்கி வந்தார்கள். ஜமாலுத்தீன் ஆப்கானி, ஹைதராபாத்தில் இருந்தபோது நேச்சரிகளைச் சாடி ஒரு நூலே எழுதினார்.

எனக்கு சர் ஸையதின் எல்லா விளக்கமும் உடன்பாடில்லை. மலக்குகள் என்பது இயற்கையின் ஆற்றல்கள், மூஸா நபி கடலைக் கடந்தது நீர் வற்றிய நேரத்தில் என்றெல்லாம் அவர் சொல்லும்போது, தம் காலத்து இயற்பியலின் அளவுக்கு வேதத்தை நறுக்கிவிடுகிறார் என்றே படுகிறது. ஆனால் அவர் சொன்ன இன்னொன்று அதிகம் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நம் முன்னோர் கிரேக்க வானியலைக் கற்றார்கள், அதைக் கொண்டு வசனங்களுக்கு உரை எழுதினார்கள், காலப்போக்கில் அந்தக் கிரேக்கக் கருத்தையே குர்ஆனின் கருத்தாக நம்பிவிட்டார்கள் என்றார். ஏழு வானங்கள் என்றதும் பளிங்குக் கோளங்களை நினைத்தது தாலமியைப் படித்த மனம். குர்ஆன் பளிங்கு என்று சொல்லவில்லை.

சூரியனைப் பற்றிய யாஸீன் சூராவின் வசனத்தையே எடுத்துக்கொள்வோம். சூரியன் தனக்குரிய இடத்தை நோக்கி ஓடுகிறது, ஒவ்வொன்றும் தன் வட்டத்தில் நீந்துகிறது என்பது அதன் பொருள். தாலமியின் வானியலை எல்லோரும் நம்பிய காலத்தில் இதில் யாருக்கும் சிக்கல் இல்லை. சூரியன் ஓடுவதைத்தான் எல்லோரும் தினமும் பார்த்தார்கள். கோப்பர்னிக்கஸ் வந்தார், சூரியன் நின்றது. இப்போது வசனம் சங்கடமானது. இருபதாம் நூற்றாண்டில் சூரியனும் பால்வெளியின் மையத்தைச் சுற்றி விநாடிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ஒரு சுற்றுக்கு இருபது கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது என்று தெரிந்தது. உடனே அதே வசனம் விஞ்ஞான அற்புதமாகிவிட்டது. வசனத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. விண்மீன் மண்டலம் என்ற எண்ணமே இல்லாத பாலைவனத்து மக்களுக்கும் அது புரிந்தது, அவர்களைச் சிலிர்க்க வைத்தது. அந்தச் சிலிர்ப்புக்குப் பால்வெளியின் சான்றிதழ் தேவைப்படவில்லை.

1976-இல் பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் புக்காய் எழுதிய நூலுக்குப் பிறகு இந்தச் சான்றிதழ் தேடல் பெருகியது. பயான்களில், துண்டுப் பிரசுரங்களில், இப்போது வாட்ஸ்அப்பில், எந்தக் கண்டுபிடிப்பு வந்தாலும் ஓர் ஆயத்து தயாராக இருக்கிறது. அதிகம் அடிபடுவது மலைகளைப் பற்றியது. மலைகளை முளைகளாக நட்டோம், பூமி உங்களோடு அசைந்துவிடாதபடி உறுதியான மலைகளை அமைத்தோம் என்ற பொருளில் வசனங்கள் உண்டு. மலைகளுக்கு அடியில் ஆழமான வேர் இருப்பதை விஞ்ஞானம் இப்போதுதான் கண்டுபிடித்தது, பார்த்தீர்களா என்பார்கள்.

அந்த வேரைக் கண்டுபிடித்த கதை நம் பரங்கிமலையில் தொடங்குகிறது. 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் அங்கே அடிக்கோடு அளந்து ஆரம்பித்த நில அளவை, அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட் என்ற அளவையாளரின் கையில் வடக்கே வளர்ந்து, தில்லிக்கும் அப்பால் இருக்கும் கலியானாவை எட்டியது. மத்திய இந்தியாவின் கலியான்பூருக்கும் இந்தக் கலியானாவுக்கும் இடைப்பட்ட தொலைவைச் சங்கிலியும் முக்கோணமும் ஒரு விதமாகச் சொல்ல, விண்மீன்களை வைத்துக் கணித்தால் வேறு விதமாக வந்தது. வேறுபாடு கோண அளவில் ஐந்து விகலைக்குச் சற்று அதிகம், தரையில் ஏறக்குறைய 160 மீட்டர். இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கிறதோ என்று கணக்குப் போட்டார் கல்கத்தாவின் பாதிரியார் பிராட். இமயத்தின் பருமனுக்குப் பதினைந்து விகலைக்கு மேல் இழுத்திருக்க வேண்டும்! ஏன் இவ்வளவு குறைவு? 1855-இல் ஏரி (Airy) என்ற ஆங்கிலேய வானியலாளர் விடை சொன்னார்: மலைக்கு அடியில் எடை குறைந்த பாறை வேர்போல ஆழத்தில் இறங்கி, அடர்ந்த அடுக்கில் மிதக்கிறது. பைபிளும் விஞ்ஞானமும் முரண்படவில்லை என்று நூல் எழுதியவர்தான் அந்தப் பிராட் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. நம்பிக்கையைக் காக்கும் கவலை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதல்ல.

வேர் இருப்பது உண்மை. ஆனால் முளையடித்ததால் பூமி அசையாது என்று அதை விஞ்ஞானமாக்கினால் என்ன ஆகும்? இந்தியத் தட்டு ஆசியாவை முட்டுவதால்தான் இமயம் எழுந்தது. அந்த முட்டல்தான் அங்கே நிலநடுக்கத்தையும் உண்டாக்குகிறது. 1803 செப்டம்பரில் கர்வால் மலைப்பகுதியில் எழுந்த பெரும் நடுக்கத்தில் குதுப் மினாரின் உச்சிக் கூண்டு விழுந்தது. ராபர்ட் ஸ்மித் என்ற பொறியாளர் 1828-இல் வேறொரு மண்டபத்தை மேலே வைத்தார். பொருந்தவில்லை என்று 1848-இல் அதை இறக்கிவிட்டார்கள். சர் ஸையத் பூமி நிற்கிறது என்று எழுதிய அதே ஆண்டு. அந்த மண்டபம் இன்றும் பக்கத்துப் புல்தரையில் இருக்கிறது. வசனங்கள் பொறித்த கோபுரத்தையே மலைநாட்டு நடுக்கம் உலுக்கியிருக்கிறது. கூடாரத்து முளையை அறிந்த மக்களிடம், உங்கள் காலடி நிலம் உங்களுக்காகத் தாங்கப்பட்டிருக்கிறது என்று சொன்ன நன்றியின் மொழி அந்த வசனம். அதை நிலவியல் பாடமாக்கி, பிறகு அந்தப் பாடத்தில் அதைத் தோற்கடிப்பது நாமே அதற்குச் செய்யும் அநீதி.

மௌலானா ஆசாத் இதைத் தெளிவாகக் கண்டிருந்தார். 1931-இல் வெளிவரத் தொடங்கிய ‘தர்ஜுமானுல் குர்ஆன்’ முன்னுரையில், கிரேக்கத் தர்க்கத்தை வசனங்களில் ஏற்றிய பழைய உரைகாரர்களையும், நவீனக் கண்டுபிடிப்புகளை அவற்றில் தேடும் புதியவர்களையும் சேர்த்தே மறுத்தார். முதன்முதல் கேட்டவர்கள் எப்படி விளங்கிக்கொண்டார்களோ, அந்த எளிமைக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் பக்கம். ஜாமியா மஸ்ஜிதுக்கும் செங்கோட்டைக்கும் இடையில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. கடைகளின் இரைச்சலுக்கு நடுவே ஒரு சிறு தோட்டம். அங்கே போகும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.

காயல்பட்டினத்தில் சிறுவயதில் எனக்கு ஓதிக்கொடுத்த லெப்பை, பகரா சூராவின் ஒரு வசனத்தை விளக்கியது நினைவிருக்கிறது. பிறை ஏன் மெலிந்து தோன்றி, வளர்ந்து, திரும்பத் தேய்கிறது என்று நபிகளிடம் சிலர் கேட்டார்களாம். வந்த பதிலில் சூரிய ஒளியும் இல்லை, நிலவின் பாதையும் இல்லை. அவை மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலம் காட்டுபவை, அவ்வளவுதான். “காரணம் கேட்டாங்க, பயன் கெடச்சுது. காரணத்த நீ தேடிக்கோன்னு விட்டுட்டான் அல்லா” என்றார் லெப்பை. கணக்கில் நான் மோசம் என்பது அவருக்குத் தெரியும், அதற்காகவே சொல்லியிருக்கலாம்.

போன ரமலானின் 29-ஆம் நோன்பு மாலை ஜாமியா மஸ்ஜித் படிகளில் உட்கார்ந்திருந்தேன். அமாவாசை எந்த நொடியில் முடிந்தது என்பது கணக்கில் இருக்கிறது. அந்த மெல்லிய கீற்று இந்தத் தூசியிலும் புகையிலும் கண்ணுக்குப் படுமா என்பது அடிவானத்தின் கையில் இருக்கிறது. கணிப்பே போதும் என்பவர்களும் கண்ணால் கண்டாக வேண்டும் என்பவர்களுமாக எங்கள் காயல்பட்டினத்தில் சில வருடம் ஒரே தெருவில் இரண்டு பெருநாள் வருவதுண்டு. மஃரிப் தொழுதுவிட்டு எல்லோரும் மேற்கே பார்த்தபடி நின்றார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தோளில் பிள்ளையைத் தூக்கிய ஒருவர் அதன் விரலைப் பிடித்து எங்கோ காட்டினார். கைப்பேசி அடித்தது. உம்மா.

“அங்க பிற தெரிஞ்சிச்சா வாப்பா?”

“பாத்துக்கிட்டிருக்கோம் உம்மா” என்றேன்.