'குடும்பு' தெரியுமா பாஸ்?

சின்னதா ஒரு டெஸ்ட். 'குடும்பு'ன்னா என்ன? பேப்பரை மடிச்சுட்டு முப்பது செகண்ட் யோசிங்க.

'குடும்பம்'னு அடிக்க வந்து பாதியில நின்னுடுச்சுன்னு நினைக்கிறீங்களா? அச்சுப்பிழை எல்லாம் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேல கல்லுல உட்கார்ந்திருக்கிற வார்த்தை அது. பார்க்கணும்னா எங்க ஊர் உத்திரமேரூருக்கு பஸ் ஏறுங்க. வைகுண்டப் பெருமாள் கோயில் கருங்கல் சுவர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் இருக்கு. ஒண்ணு கி.பி. 919, இன்னொண்ணு 921.

போய் நின்னதும் படிச்சிடலாம்னு மட்டும் கனவு காணாதீங்க. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற பழக்கமும் கல்லுல குறைவு. போதாததுக்கு நடுநடுவே கிரந்த எழுத்து வேற. மொபைல் டைப்பிங்கை விட மோசம்!

சரி, விடையைச் சொல்லிடறேன். குடும்புன்னா வார்டு! அப்போ இந்த ஊர் உத்தரமேரூர்ச் சதுர்வேதி மங்கலம். மொத்தம் 30 குடும்பு.

முப்பது ஓலைக்கட்டு, ஒரு பையன்

குடவோலை முறையை ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி, ரெண்டு மார்க் வாங்கினதோட மறந்திருப்போம். இப்போ நிதானமா ஒரு அல்காரிதம் மாதிரி பாருங்க.

தகுதியானவங்க பேரை ஓலையில எழுதி, குடும்பு வாரியா கட்டு கட்டி, குடத்துல போடுவாங்க. எந்தக் கட்டு எதுன்னு விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரிச்சு வேற குடத்துல போட்டுக் குலுக்கி, ஒரே ஒரு ஓலை. அதை வாங்குற மத்தியஸ்தர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். கைக்குள்ள வேற ஓலை ஒளிஞ்சிருக்கக் கூடாது பாருங்க! அப்புறம் சபைக்கு முன்னாடி சத்தமா வாசிக்கணும். இப்படியே முப்பது குடும்புக்கும்.

தேர்வானவங்களுக்குப் பதவி 360 நாள். மூணு வருஷத்துக்குள்ள வாரியத்துல இருந்தவர் பேரைக் குடத்துலயே போட மாட்டாங்க. பதவியில இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் நோ சான்ஸ். அவரோட மச்சான், மாமனார், மருமகனுக்கும் சேர்த்து நோ சான்ஸ்!

உங்க வீட்டுக்கு வந்த வார்த்தை

'வாரியம்'னு படிச்சதும் ஒரு பொறி தட்டுச்சா? அந்த 30 பேரையும் சம்வத்சர வாரியம் (12 பேர்), தோட்ட வாரியம் (12), ஏரி வாரியம் (6)னு பிரிச்சாங்க. பொன்னோட தரம் பார்க்கவும் ஒரு வாரியம் இருந்துச்சு. வீட்டு வசதி வாரியம், குடிநீர் வாரியம், ஆசிரியர் தேர்வு வாரியம்னு நாம இன்னிக்குச் சொல்றதும் இதே வார்த்தைதான். குடும்பு காணாமப் போச்சு, வாரியம் கவர்ன்மென்ட் வேலையில சேர்ந்துடுச்சு!

கொஞ்சம் சீரியஸ்

'உலகத்துக்கே ஜனநாயகம் கத்துக் கொடுத்தது எங்க ஊரு'ன்னு காலரைத் தூக்கறதுக்கு முன்னாடி மிச்ச வரிகளையும் படிங்க. குடத்துக்குள்ள பேர் போகணும்னா வரி கட்டற கால் வேலி நிலம் வேணும். சொந்த மனையில வீடு வேணும். வேதம் படிச்சிருக்கணும். வயசு 35-லிருந்து 70. இது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரோட சபை. நிலத்துல உழைச்சவங்க பேர் ஓலையில ஏறலை. பெண்கள் பேரும் ஏறலை.

அந்தக் கதவுகள் தானா திறக்கலை. சட்டம் போட்டுத்தான் திறந்துச்சு. தமிழ்நாட்டு உள்ளாட்சியில பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடுன்னு 2016-ல சட்டம் வந்துச்சு. 21 வயசானா நீங்களும் வார்டு மெம்பருக்கு நிக்கலாம். இருபது வயசுக்காரியான எனக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி!

ஆனா கணக்குக் காட்டாதவருக்குப் பதவி கிடையாதுங்கிற அந்த ஒரு வரியை மட்டும் கல்லுலேர்ந்து அப்படியே எடுத்துக்கலாம். கிராம சபைக் கூட்டத்துல வரவு-செலவைக் கேக்க வாக்காளரா இருந்தாலே போதும். அடுத்த கூட்டத்துக்கு நாலு ஃப்ரெண்ட்ஸோட போய் உட்காருங்க.

பாக்கெட்ல போட்டுக்க...

குடும்பு - ஊரின் ஒரு பிரிவு, வார்டு
வாரியம் - குறிப்பிட்ட வேலையைக் கவனிக்கும் குழு
சம்வத்சரம் - ஆண்டு
மத்தியஸ்தர் - நடுநிலையாளர்
வேலி - முள்வேலி இல்லீங்க, நில அளவு!

இன்னிக்கு ஹாஸ்டல்ல யாராவது 'நீ எந்த வார்டு?'ன்னு கேட்டா, 'எந்தக் குடும்பு?'ன்னு திருத்திப் பாருங்க. அவங்க முழிக்கும்போது, குடத்துலேர்ந்து கதையை ஆரம்பிச்சிடலாம்!