டீசல் காரில் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொண்டால்

நாடு முழுவதும் 2020 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் பாரத் நிலை 6 என்னும் புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய விதி, டீசல் கார் ஒன்று ஒரு கிலோமீட்டர் ஓடும்போது 25 மில்லிகிராம் வரை கரித்துகள் வெளிவிட அனுமதித்தது. இப்போதைய வரம்பு 4.5 மில்லிகிராம். இந்த வரம்பை எட்டுவதற்காகப் புதிய டீசல் கார்களின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி பொருத்தப்படுகிறது. பட்டறைகளில் இதனை டி.பி.எப். என்று அழைக்கிறார்கள். பாகூர், வில்லியனூர், திருக்கனூர்ப் பக்கங்களிலிருந்து புதுச்சேரி நகருக்கு டீசல் காரில் போய்வரும் விவசாயிகள் இந்த வடிகட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ளுதல் அவசியம். புதிய வடிகட்டி மாற்ற நேர்ந்தால், ஒரு போக விளைச்சலின் வருமானமே போய்விடக்கூடும்.

இது பிரெஞ்சுக்காரர்களுக்கும் தொடர்புடைய பொருள்தான். பிரான்சின் பெஜோ நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தன் 607 காரில் இவ்வடிகட்டியைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. பிறகே மற்ற நிறுவனங்களும் இந்த வழிக்கு வந்தன.

வடிகட்டி வேலை செய்யும் விதம்

வடிகட்டி என்பது தேனடை போன்ற பீங்கான் கட்டி. அதில் நீளவாக்கில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள் உள்ளன. ஒரு குழலின் முன்வாய் திறந்திருந்தால் பின்வாய் மூடியிருக்கும். அடுத்த குழலில் இது மாறியிருக்கும். ஆகவே உள்ளே வரும் புகை, குழலின் சுவரிலுள்ள நுண்துளைகள் வழியாகத்தான் வெளியேற முடியும். காற்று போய்விடும், கரி தங்கிவிடும்.

தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் வண்டி தொடர்ந்து ஓடும்போது, புகையின் வெப்பம் 250 முதல் 400 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தாலே கரி சிறிது சிறிதாகத் தானே எரிந்து குறையும். அது போதாதபோது வண்டியின் கணினி தலையிடுகிறது. எஞ்சினுக்குள் சிறிது டீசலைக் கூடுதலாகவும் காலம் தாழ்த்தியும் தெளிக்கச் செய்து, வடிகட்டியின் வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது. பத்து முதல் இருபது நிமிடத்தில் கரி எரிந்துவிடும்.

இந்த எரிப்பு நடக்கும்போது டாஷ்போர்டில் விளக்கு எதுவும் எரியாமலிருக்கலாம். ஆயினும் சில அடையாளங்கள் உண்டு. வண்டி நிற்கும்போது எஞ்சின் வழக்கத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். மைலேஜ் திடீரெனக் குறைந்ததாக மீட்டர் காட்டும். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி ஓடிக்கொண்டிருக்கும். சூடேறிய இரும்பு வாடை வரும். இவற்றைக் கண்டால், வீடு வந்துவிட்டாலும் உடனே அணைக்காமல், இன்னும் பத்து நிமிடம் சாலையில் ஓட்டிவிட்டு வருவது நல்லது.

நகர ஓட்டமே முதற்காரணம்

வில்லியனூரிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு ஏறக்குறைய 10 கி.மீ. இருக்கும். மூலக்குளம், ரெட்டியார்பாளையம் தாண்டி இந்திரா காந்தி சிலைச் சந்திப்பில் நின்று, நெல்லித்தோப்பு நெரிசலில் ஊர்ந்து, நேரு வீதிப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்தால், எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடும். கரி எரிப்பு தொடங்கினாலும் பாதியில் நின்றுவிடும். வாரம் முழுவதும் இப்படியே ஓடும் வண்டியில் கரி சேர்ந்துகொண்டே போகும். காலையில் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் காபி குடிக்கும் பழக்கமும் கரியைத்தான் கூட்டும்.

ஆகவே நகர ஓட்டமே மிகுதியாக உள்ளவர்கள் வாரம் ஒருமுறையாவது வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும். கோரிமேடு தாண்டி மொரட்டாண்டி, கிளியனூர் வழியாகத் திண்டிவனம் செல்லும் நான்குவழிச் சாலை இதற்கு ஏற்றது. சுங்கக் கட்டணத்தை எண்ணித் தயங்குவோர், வடிகட்டியின் விலையைப் பட்டறையில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்!

விளக்கு எரிந்தால்

பெட்டிக்குள் புள்ளிகள் இருப்பது போன்ற மஞ்சள் விளக்கு எரிந்தால், கரி மிகுந்துவிட்டது என்று பொருள். வண்டி கெட்டுவிட்டது என்று பொருளன்று. முதலில் டீசல் இருப்பைப் பாருங்கள். டேங்கில் டீசல் மிகக் குறைவாக இருந்தால் பல வண்டிகளில் கணினி எரிப்பைத் தொடங்காது. பிறகு எஞ்சின் சூடேறியதும், மணிக்கு 60 கி.மீ.க்குக் குறையாமல் 15 முதல் 20 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். மேல் கியரில் மெதுவாக இழுப்பதைவிட, ஒரு கியர் குறைத்து எஞ்சின் 2000 சுற்றுக்கு மேல் ஓடும்படி செய்தல் சிறந்தது. பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். வண்டிக்குரிய கையேட்டில் குறித்துள்ள வேகத்தையே பின்பற்றவும்.

எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, வண்டி இழுவை குறைந்து வேகமெடுக்க மறுத்தாலோ, இவ்வாறு ஓட்டிப் பார்த்தல் கூடாது. கரி அளவு கடந்து சேர்ந்த நிலையில் தீப்பற்றினால் பீங்கானே உருகிப் பிளந்துவிடும். பட்டறையில் ஸ்கேனர் கருவியைப் பொருத்தி, நின்ற நிலையிலேயே கட்டாய எரிப்பு செய்வார்கள்.

ஆயில் மட்டம் கூடினால் கவனம்

எஞ்சின் ஆயில் குறைந்துவிட்டதா என்றுதான் நாம் வழக்கமாகப் பார்ப்போம். இவ்வகை வண்டியில் கூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கரி எரிப்புக்காகத் தெளிக்கப்படும் கூடுதல் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலோடு கலக்கிறது. எரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால் இக்கலப்பு மிகும். அளவுகோலில் ஆயில் மேல்குறியைத் தாண்டியிருந்து, டீசல் வாடையும் வீசினால், கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திராமல் ஆயிலை மாற்றிவிட வேண்டும். நீர்த்த ஆயில் பேரிங்குகளையும் டர்போவையும் தேய்த்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளவுகோலை உருவிப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

மாற்றும் ஆயில், டி.பி.எப். உள்ள வண்டிக்கென்று குறிக்கப்பட்ட, சாம்பல் குறைந்த வகையாக இருத்தல் வேண்டும். டிராக்டருக்கு வாங்கிய டப்பாவில் மீதியுள்ளதே என்று ஊற்றிவிடக் கூடாது. கரி எரிந்து போகும், ஆயிலின் சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கிவிடும். அவ்வாறு தங்கிய சாம்பலை, வடிகட்டியைக் கழற்றி, அதற்குரிய இயந்திரத்தில் வைத்துத்தான் அகற்ற முடியும். பிரஷர் தண்ணீர், ஆசிட், தின்னர் ஆகியவற்றால் தெருவோரத்தில் கழுவித் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புங்க எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களை அப்படியே டீசலில் கலப்பதும் சாம்பலைக் கூட்டும். மண்ணெண்ணெய் கலந்த டீசலும் ஆகாது.

மீண்டும் மீண்டும் அடைத்தால்

நெடுஞ்சாலையில் ஓட்டியும் சில நாட்களில் விளக்கு திரும்ப வந்தால், குற்றம் வடிகட்டியில் இல்லை. அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்காமை, புகை மறுசுழற்சி வால்வு சிக்கிக்கொள்ளுதல், டர்போ ரப்பர்க் குழாயில் வெடிப்பு, தூசடைந்த ஏர் பில்டர் ஆகிய எல்லாமே கரியை மிகுவிக்கும். தெர்மோஸ்டாட் மூடாமல் நின்றுவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை எட்டாது. அப்போது கணினி எரிப்பையே தொடங்காது. வடிகட்டியின் முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குச் செல்லும் சிறு குழாய்கள் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை வெடித்திருந்தால் கணினிக்குத் தவறான கணக்கே போகும். நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் வண்டி நின்றால் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்க்கவும். காரணத்தைக் களையாமல் புதிய வடிகட்டி போட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

வைக்கோல் அருகே நிறுத்தாதீர்

கரி எரிப்பு நடக்கும் நேரத்தில் வண்டியின் அடிப்பகுதி மிகவும் கொதித்திருக்கும். வைக்கோல் போர் அருகிலும், காய்ந்த புல் மீதும் நிறுத்துதல் கூடாது. சாலையில் காயப்போட்ட உளுந்துச் செடி, எள் செடி மீது ஏறிச் சென்றால், வண்டிக்கடியில் சுற்றிக்கொண்ட சருகை உடனே இறங்கி அகற்றிவிடுங்கள். அகற்றுமுன் சிறிது ஆறவிடவும், கை வெந்துவிடும்.

வடிகட்டியை எடுத்துவிடலாமா?

உள்ளிருக்கும் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு, கணினியையும் மாற்றித் தருவதாகச் சில பட்டறைகள் கூறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிறுவனம் குறித்துத் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. மேலும், டீசல் புகை புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. வாசலில் நின்று உறுமும் வண்டியின் புகையை முதலில் சுவாசிப்பது நம் வீட்டுக் குழந்தைகள்தாம்.

பழைய டீசல் கார் வாங்க எண்ணுவோருக்கு ஒரு வழி. எஞ்சின் ஆறியிருக்கும்போது புகைக்குழாயின் வாயில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால் விரலில் கரி அதிகம் ஒட்டாது. மை போல அப்பிக்கொண்டால், வடிகட்டி பிளந்திருக்கலாம் அல்லது அகற்றப்பட்டிருக்கலாம். விலை பேசுமுன் ஸ்கேனர் உள்ள பட்டறையில், கரி எவ்வளவு சேர்ந்துள்ளது, கடைசி எரிப்பு நடந்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்ற இரு விவரங்களையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவும்.